அளக்காமல் விட்ட மாடி

கட்டடத்தை இடிப்பதென்றால் சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்களை இழுத்து வந்து, ஒரே ஒரு வாரம், கட்டடம் பிரிக்கக் கணக்கெடுக்கும் அந்த மருமகளின் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அப்போது தெரியும் சேதி. அவள் கையில் இருந்த கட்டடம் எட்டு மாடி, தொண்ணூற்றாறு வீடு. கதவு, ஜன்னல், படி, கைப்பிடி, கழுவுதொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து, கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக இன்னொரு கட்டடத்தை எழுப்பி (அதற்குப் பெயர் மாடல்), பொருளுக்குப் பொருள் ஓர் எண்ணும் ஒரு நிறமும் கொடுக்க வேண்டும். பச்சை என்றால் சேதமில்லாமல் கழற்றி வேறு கட்டடத்தில் மாட்டலாம். மஞ்சள் என்றால் பழுதுபார்த்து மாட்டலாம். சிவப்பு என்றால் நொறுக்கும் ஆலைக்குப் போய்ச் சல்லியாகும். கான்கிரீட் தளத்தைக்கூட விடுவதில்லை. வைர ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, கிரேனில் தூக்கி, நாலு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தளமாகப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வேலையில் மருமகள் கெட்டிக்காரி. வாய்த்துடுக்கும் கொஞ்சம் உண்டு. ஒரு கதவைக் கவனமில்லாமல் கழற்றிக் கீறிவிட்டால் மேஸ்திரி என்றும் பார்க்க மாட்டாள், பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் பச்சை மேடம். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தைக் கட்டியபோது சூப்பர்வைசராக நின்றவர் அவளுடைய மாமனார். மனைவி போன பிறகு, கால் இரண்டும் வீங்கி, ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடந்த மனிதர், இந்த வேலை மருமகளுக்குக் கிடைத்தது என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தி மூன்று நோட்டுப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். என்றைக்கு எந்தத் தளம் போட்டது, எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு தடிமன் கம்பி, எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி, கட்டியவன் யார், அன்றைக்கு வெயிலா மழையா, எல்லாம் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் இருந்தது. அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். கட்டியவர் கையாலேயே எழுதிய கணக்கு எந்தக் கட்டடத்துக்குக் கிடைக்கும்? அவர் பின்னாளில் நின்று கட்டிய ஒரு மருத்துவமனைக்கும் ஒரு முதியோர் விடுதிக்கும் உள்ள நோட்டுகளையும் சேர்த்து வாங்கி, படம் எடுத்து, மாடல் வங்கியில் ஏற்றிவிட்டார்கள். என்றைக்காவது அவற்றைப் பிரிக்கும்போதோ, மேலே ஒரு மாடி கூட்டும்போதோ உதவும் என்று.

சாயங்காலமானால் மருமகள் மடிக்கணினியை அவர் மடியில் வைப்பாள். அவர் விரலால் கட்டடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நான் கட்டினதை நீ கழட்டுற. வெளிய சொன்னா சிரிப்பாங்க," என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அவளுக்கு அவர் மேல் உயிர். சும்மா இல்லை. கல்யாணமான பிறகு இந்த வேலைக்கான உரிமத் தேர்வுக்கு அவள் மூன்று வருஷம் படித்தபோது, "இனிமே படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்று கேட்ட மகனை உட்கார வைத்துத் திட்டியவர் அவர்தான். பாத்திரம் கழுவி, துணி மடித்து, பரீட்சை நாளில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தவரும் அவர்தான். பெற்ற அப்பனே செய்ய மாட்டான்.

இனிதான் அவள் செய்த காரியம். சொல்லவே எரிகிறது எனக்கு.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காட்டுவதற்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. தளத்தின் மேல் உருட்டிக்கொண்டே போனால் கம்பி வரும் இடத்தில் கீச்சென்று கத்தும். மாடிக்குப் பத்து இடத்தில் அதை உருட்டி அளக்க வேண்டும் என்பது விதி. பிரிப்பது மேலிருந்து கீழ் என்பதால் அவள் எட்டாவது, ஏழாவது, ஆறாவது மாடிகளை முதலில் அளந்தாள். முப்பது இடத்திலும் பதினைந்து சென்டிக்கு ஒரு கம்பி. நோட்டில் இருந்ததற்கும் பெட்டி காட்டியதற்கும் மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. கீழ் ஐந்து மாடிகளில் ஆட்கள் காலி செய்யாமல் இழுத்தடித்தார்கள். தரை முழுக்கக் கட்டில், பீரோ, மூட்டை முடிச்சு. அலுவலகமோ என்றைக்கு முடியும் என்று தினமும் குடைந்தது. கடைசியில் அவள் நோட்டில் இருந்த எண்ணை எடுத்து ஐந்து மாடிக்கும் அப்படியே ஒட்டினாள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 'அளந்தது' அல்லது 'ஏட்டிலிருந்து எடுத்தது'. ஏட்டிலிருந்து எடுத்தது என்று போட்டால் மாடல் பச்சை தராது, மஞ்சள்தான் தரும். மாமனாரின் கட்டடம் மஞ்சளாக நிற்பதா? அவள் 'அளந்தது' என்று போட்டாள். இத்தனைக்கும் ஊரில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், தளம் அறுக்கும் ஆள் அவளைத் தேடி வந்தான். அவனுக்குப் பெயர் ரம்பம். தொழிலுக்காக வைத்ததா, பேச்சுக்காக வைத்ததா என்று கேட்டால் இரண்டுக்கும்தான் என்று அவனே சொல்வான்.

"பச்சை மேடம், கொஞ்சம் அஞ்சாவது மாடிக்கு வர்றீங்களா? நேத்துலேர்ந்து மிஷின் ரொம்ப சுகமா ஓடுது. எனக்கு அது பிடிக்கல."

"சுகமா ஓடினா நல்லதுதானே?"

"மூணு மீட்டர் அறுக்கறேன். உங்க மாடல்படி இருபது கம்பி குறுக்க வரணும். ஒவ்வொரு கம்பிலயும் பிளேடு முனகும், என் வீட்டுக்காரி மாதிரி ஒண்ணு விடாம முனகும். பன்னெண்டு தடவைதான் முனகுச்சு. நாமதான் அசந்துட்டோம்னு அடுத்த வெட்டையும் எண்ணினேன். அதுவும் பன்னெண்டு."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். அறுக்கும் மிஷினுக்கு ஊற்றிய தண்ணீர் சாம்பல் சேறாகிக் கால் வழுக்கியது. சுவரில் யாரோ குழந்தையின் உயரத்தைக் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து பெட்டியை உருட்டினாள். பதினைந்தில் சத்தம் இல்லை. இருபதில் இல்லை. இருபத்தைந்தில் கத்தியது. இன்னோர் அறை, இன்னொரு வீடு, நடைபாதை. பத்து இடத்திலும் இருபத்தைந்து. கைபேசியில் மாமனாரின் நோட்டைத் திறந்து பார்த்தாள். 'ஐந்தாம் தளம். பதினைந்து சென்டிக்கு ஒன்று. சரிபார்த்தேன்.' கீழே கையெழுத்து.

கம்பி கட்டுகிற பாவிகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த மனிதரைப் போய் வேறு எப்படி நினைப்பது? ஐந்தாவது மாடியின் நாற்பத்தெட்டுப் பாளங்களையும் அந்த இடத்திலேயே சிவப்பாக்கினாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்து கிரேன்காரர் போன் செய்தார்.

"மேடம், ஸ்கிரீன்ல ஆறு பாளம் திடீர்னு சிவப்பாயிடுச்சு. நேத்தே தூக்கி வெச்சாச்சே. கீழ ஆளுங்க வேலை பாக்கறாங்க."

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. முட்டுக் கொடுத்துட்டு ஒண்ணொண்ணா இறக்கிடுங்க. அதுக்கு அடியில யாரும் போக வேணாம்."

"என்னாச்சு மேடம்?"

"நான் அளக்கல," என்றாள்.

ரம்பம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மிஷினை அணைத்துவிட்டுக் குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

சரிபார்ப்பு அதிகாரிக்கு அவளே போன் செய்து சொன்னாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் படிவத்தை நிரப்பி அனுப்பச் சொன்னார். தவறு நேர்ந்த காரணம் என்று அதில் இரண்டு கட்டம் உண்டு. 'நேரில் அளக்கப்படவில்லை' என்பது ஒன்று. 'ஆதார ஏடு பொய்யானது' என்பது இன்னொன்று. முதலாவதில் குறி போட்டால் மாடல் செய்தவருக்கு இரண்டு வருஷம் உரிமம் ரத்து. அவர் அளக்காமல் விட்ட எல்லா மாடியையும் வேறு ஆள் வந்து அளப்பார். இரண்டாவதில் போட்டால் ஏடு எழுதியவரின் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி பட்டியலில் ஏறும். அவர் கைபட்ட கட்டடங்கள் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள்.

"நோட்டு பொய்னு மட்டும் போடுங்க," என்றார் அதிகாரி, நல்ல எண்ணத்தில்தான். "அதை நம்பி ஏமாந்துட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. உங்க உரிமத்தைக் காப்பாத்த நான் பாக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. தான் தப்பிக்க அந்த மனிதரை மாட்டிவிடுவதா? பெட்டி கையில் இருந்தது, கால் இருந்தது, உருட்டவில்லை. தப்பு யாருடையது என்று இனி யாரைக் கேட்க வேண்டும்? முதல் கட்டத்தில் குறி போட்டாள், இரண்டாவதை வெறுமையாக விட்டாள். வீட்டில் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மூன்று பேரும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். கீழ் மாடிகளை அளக்காமல் அளந்ததாகப் போட்டுவிட்டதை, கம்பி குறைவாக இருந்ததை ரம்பம் கண்டுபிடித்ததை, பள்ளிக்கூடத்திலிருந்து பாளங்களை இறக்குவதை, உரிமம் போகப் போவதை. எவ்வளவு குறைவு என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமனாரின் மனசு உடைந்துவிடும் என்று அதை விழுங்கிவிட்டாள்.

கணவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ரெண்டு நாள் வேலையை மிச்சம் பிடிக்கப் போய் இப்ப என்ன ஆச்சு பாரு. மூணு வருஷம் படிச்சது போச்சு. அது போனா போகுது, அப்பா நின்னு கட்டின கட்டடம்னு கொஞ்சமாவது நினைச்சியா? நாளைக்கு நாலு பேரு அவரைத்தானே கேப்பாங்க?"

மாமனார் ஒரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். பிறகு மகனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"விடுடா. வேணும்னா பண்ணினா? சின்ன வயசு, தெரியாம பண்ணிட்டா. தப்பு பண்ணாத மனுஷன் உண்டா?" அவள் பக்கம் திரும்பினார். "நீ சாப்பிடும்மா. நான் உன்மேல கோபமா இல்ல. கவலைப்படாத. இருபத்தஞ்சுக்கு ஒண்ணுன்னாலும் அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் விழுந்துடாது."

கணவன் எதையும் கவனிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு எண்ணா காதில் விழப்போகிறது? அவன் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. மன்னித்துவிட்டாராம்! யார் யாரை மன்னிப்பது?

தட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல மாமா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பேசியபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அந்த மாசம் கம்பி வரலம்மா. லாரி வருது வருதுன்னு ஒன்பது நாள் ஓட்டினாங்க. மேல இருந்து ஒரே நச்சரிப்பு, போடு போடுன்னு. இருந்த கம்பியைத் தள்ளித் தள்ளிப் பரப்பிக் கட்டச் சொன்னேன். நோட்டுல எப்பவும் எழுதற மாதிரி எழுதிட்டேன்."

"முப்பத்தொரு வருஷமா?"

"கட்டி முடிச்சதும், உள்ளூர்ல மத்த கட்டடத்துல நின்னாலும், அங்கேயே பராமரிப்பு வேலையையும் கேட்டு வாங்கினேன். ஒரு தரம் பெரிய பதவி வந்துது, வேற ஊருக்கு. போகல. உங்க அத்தை அதுக்காக என்கிட்ட ரெண்டு மாசம் பேசல. அந்த மாடில ஒவ்வொரு வீடா ஏறி, பீரோவைச் சுவரோரமா தள்ளி வைங்க, ஒரே அறைல நிறைய பேர் கூடாதீங்கன்னு சொல்லுவேன். கிறுக்கன்னு சிரிப்பாங்க. மழை வந்தா நாலாவது மாடி வீட்டுல போய் டார்ச் அடிச்சுக் கூரையைப் பாப்பேன். கட்டடத்தைப் பிரிக்கப் போறாங்கன்னு நீ வந்து சொன்னியே, அன்னிக்குத்தாம்மா மூச்சு விட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. கோபமும் முட்டியது. எதை முதலில் வெளியே விடுவதென்று தெரியவில்லை. "பாளத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கினாங்களே மாமா. தினமும் நான் காட்டினேனே. பாத்துக்கிட்டு இருந்தீங்களே."

"நீ அளந்திருப்பேன்னு நினைச்சேன். நீயே அளந்து சிவப்பு போட்டுடுவன்னு பாத்தேன். பச்சையா வந்துது." அவர் நிறுத்தினார். "சொல்ல வாய் வரல."

அவர் சொல்லாததும் அவள் அளக்காததும் அந்த ஆறு பாளத்தின் மேல் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தன. கடைசியில் அவள் கேட்டாள், கேட்கும்போதே பயமாக இருந்தது.

"மாமா, மத்த ரெண்டு கட்டடம்? ஆஸ்பத்திரி? விடுதி?"

"அதுல எல்லாம் இல்லம்மா," என்றார் சட்டென்று. பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே, "பெரும்பாலும் இல்ல," என்றார்.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை கட்டில், எத்தனை நோயாளி, எத்தனை கிழவர் கிழவி என்று மனசு எண்ணத் தொடங்கிவிட்டது, நிறுத்த முடியவில்லை.

"படிவத்துல என்ன போட்டிருக்க?" என்று கேட்டார்.

"நான் அளக்கலன்னு."

"அது போதும்மா." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. "உனக்கு வயசிருக்கு. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும், திரும்ப வாங்கிடலாம். எனக்கு இருக்கறது இந்தப் பேரு ஒண்ணுதான். நான் போற வரைக்கும் அது இருக்கட்டும். அந்தக் கட்டடத்தை எல்லாம் பாத்துப் பாத்துக் கட்டினேம்மா, உன் மேல சத்தியமா."

அவள் மேல் சத்தியம் செய்த அந்த வாயைப் பார்த்தாள். பரீட்சைக்குக் கூட நடந்து வந்த மனிதரின் வாய்தான் அது. பொய் சொல்கிறாரா, நம்பித்தான் சொல்கிறாரா என்று அவருக்கே தெரியாது என்று தோன்றியது. கையை மெல்ல உருவிக்கொண்டு, மேசைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். அவருக்கு அது முதுகுப்பக்கம்.

முதல் கட்டத்தில் அவள் போட்ட குறி அப்படியே இருந்தது. அதை எடுக்கவில்லை. இரண்டாவது கட்டத்திலும் குறி போட்டாள். ஏடு எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயரையும் அடித்தாள். உறவு என்று ஒரு வரி கேட்டது. மாமனார் என்று எழுதினாள். மற்ற இரண்டு கட்டடங்களையும் உடனே அளந்து பார்க்க வேண்டும், மருத்துவமனையை முதலில், என்று கீழே சேர்த்தாள். இரண்டு தடவை பிழையாக விழுந்தது. திருத்தினாள். அனுப்பினாள்.

"அனுப்பிட்டியாம்மா?"

"அனுப்பிட்டேன் மாமா."

"நல்லா இருப்ப. பெத்த பொண்ணு இருந்தாலும் எனக்காக இப்படிச் செஞ்சிருக்க மாட்டா," என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வாய் வரவில்லை என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மார்பு ஏறி இறங்கத் தொடங்கியது. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி ஆழ்ந்து தூங்கினார்.

அலுவலகம் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். கடிதம் வந்து சேரச் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். அதுவரைக்கும் தூங்கட்டும் என்று அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.